மெழுகில் நிற்கும் 24 மெட்டுகள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்கள் வீட்டில் வீணை இருக்கிறதா?" என்று கேட்டால் நம்மில் சிலர் "இருக்கிறது, அலமாரிக்கு மேலே" என்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது.

என் அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி. 1965இல் அம்மாவுக்காகத் தஞ்சாவூர் வீணை ஒன்றை ரஜுலா கப்பலில் வரவழைத்தார். பிற்காலத்தில் தோட்டம் கைமாறியது, நாங்கள் ஈப்போவுக்குக் குடிபெயர்ந்தோம். வீணையும் எங்களோடு வந்தது.

ஒரு நாள் கல்யாண வீட்டில் வாசிப்பதற்காக அதைக் காரில் ஏற்றினேன். மத்தியான வெயிலில் இரண்டு மணி நேரம் கார் நின்றது. திரும்பி வந்து பார்த்தால், தண்டியின் மேலிருந்த மெட்டுகள் சரிந்து கிடந்தன. தவறு என்னுடையதுதான்.

ஏன் சரிந்தது? வீணையின் மெட்டுகளை ஆணி அடித்தோ பசை போட்டோ பதிப்பதில்லை. தேன்மெழுகில் கரித்தூள் கலந்து, தண்டியின் இரு ஓரமும் வரப்புபோல் எழுப்பி, அதன் மேல் வெண்கல மெட்டுகளை அமர்த்துகிறார்கள். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியசில் உருகிவிடும். அதற்கு முன்பே இளகத் தொடங்கும். மூடிய காரின் சூடு அதற்குப் போதும்.

பிறகு நான் செய்தது இன்னும் பெரிய தவறு. பக்கத்தில் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் மெட்டுகளை வலுவான பசையால் அசையாமல் ஒட்டிக் கொடுத்தார். பார்வைக்கு அழகாக இருந்தது. ஆனால், சுரம் சேரவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வாசித்துப் பார்த்தார், உறையைப் போட்டு மூடிவிட்டார். ஆறு ஆண்டுகள் அது திறக்கப்படவே இல்லை.

கணக்கைப் பாருங்கள். தந்தியின் நீளம் 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேல் ஸட்ஜத்தைத் தரும் 12ஆவது மெட்டு சரிபாதியில், 40இல் வரும். 24ஆவது மெட்டு, குதிரையிலிருந்து 20இல். முதல் மெட்டுக்கான இடைவெளி நாலரை சென்டிமீட்டர். கடைசி இடைவெளி 1.2 சென்டிமீட்டர்தான். கீழே ஒரு மில்லிமீட்டர் பிசகினால் காது பொறுத்துக்கொள்ளும். மேலே அதே பிசகு ஏறக்குறைய நான்கு மடங்காகக் கேட்கும். உயரமும் முக்கியம். ஒரு மெட்டு அடுத்ததைவிடத் தாழ்ந்தால் தந்தி இரைச்சலிடும்.

மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். தந்தி மாறும், மெட்டு தேயும். அதனால்தான் முன்னோர் மெழுகைத் தேர்ந்தெடுத்தார்கள். சூடு காட்டினால் மெட்டை மீண்டும் நகர்த்தலாம். மெழுகின் இளக்கத்தை நான் பலவீனம் என்று நினைத்தேன். திருத்திக்கொள்ள வழி வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

நம் மலாய் நண்பர்களின் கம்புஸ் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அரபு நாட்டு ஊத் அதற்கு உறவு. அதில் மெட்டே கிடையாது. விரல் பலகை சமமாக இருக்க வேண்டும், மற்றதை விரல் பார்த்துக்கொள்ளும். வீணையில் அந்தப் பொறுப்பில் பாதி மேளம் வைப்பவர் கையில். கம்புஸையும் வீணையையும் பலா மரத்தில் குடைவார்கள். அந்த மரம் பேராக்கில் கம்பத்துக்குக் கம்பம் நிற்கிறது. இல்லாதது மேளம் வைக்கத் தெரிந்த கைதான்.

கடைசியில் வீணையைத் தஞ்சாவூருக்கே கொண்டுபோனேன். அங்கிருந்த பெரியவர் பார்த்ததும், "தம்பி, இதை ஒட்டலாமா? நாளைக்குத் திருத்த வேண்டாமா?" என்றார். பசையைச் சுரண்டி எடுக்கவே ஒரு நாள் ஆனது. பிறகு சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு, தந்தியை மீட்டி மீட்டி, காதால் கேட்டு ஒவ்வொரு மெட்டாக நிறுத்தினார்.

வீணை திரும்பி வந்தபோது அம்மாவின் விரல்கள் மடங்க மறுத்தன. இப்போது பேத்தி வாசிக்கிறாள், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிறார். ஆனால், அந்த ஆறு ஆண்டுகளை நான் எப்படித் திருப்பிக் கொடுப்பேன்?

தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சி. நாமும் ஒன்று செய்யலாம். வீணை கற்பிக்கும் மன்றங்களும் ஆலயங்களும் சேர்ந்து, கைவேலையில் ஆர்வமுள்ள இரண்டு இளைஞர்களை அங்கே அனுப்பி மேளம் வைக்கக் கற்றுவரச் செய்யலாம். அதுவரை, வீணையை வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள், பசை போட விடாதீர்கள். இன்று வீட்டுக்குப் போனதும் அந்த உறையைத் திறந்து பாருங்கள்.