பப்பாளிப் பாலும் மெத்தைத் தூசும்



ஆட்டிறைச்சி பஞ்சாக வேக வேண்டுமானால், பப்பாளிக்காயை அரைத்துத் தடவிச் சற்று நேரம் ஊறவைப்பது தமிழர் வீட்டுச் சமையலறைப் பழக்கம். பப்பாளிப் பாலில் இருக்கும் 'பப்பேன்' என்ற நொதி, இறைச்சியிலுள்ள புரதத்தை வெட்டி மிருதுவாக்குகிறது. நொதி என்பது கத்தரிக்கோல் போன்றது. சட்டியில் இருக்கும் வரை நல்லது. மூச்சுக்குழாய்க்குள் போனால்?

இந்தப் பப்பேனுக்கு ஓர் உறவுக்காரர் வீட்டு மெத்தையிலேயே குடியிருக்கிறார். அவர்தான் தூசிச் சிற்றுண்ணி சுரக்கும் 'டெர் பி 1' என்ற நொதி. சிற்றுண்ணி அரை மில்லிமீட்டர்கூட இராது. மனிதத் தோலிலிருந்து உதிரும் செதில்கள்தான் அதற்குச் சாப்பாடு. தண்ணீர் குடிக்காது, காற்றின் ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும். ஆண்டு முழுவதும் புழுக்கமாக இருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கு அதற்குச் சொர்க்கம். அதன் கழிவுத் துகள்களில்தான் இந்த நொதி மிகுதியாக இருக்கிறது என்பது 1981-இல் தெரியவந்தது.

தலையணையைத் தட்டும்போது அத்துகள்கள் மூச்சோடு உள்ளே போகின்றன. மூச்சுக்குழாயின் உட்சுவரில் உயிரணுக்கள் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருக்கும். 'டெர் பி 1' அந்தப் பூட்டை அறுத்து வழி உண்டாக்குகிறது என்று 1999-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அதன் பிறகு உடல் தன் சொந்தக் கத்தரிக்கோல்களை வெளியே எடுக்கிறது. ஒவ்வாமை உள்ளவர்களின் மாஸ்ட் உயிரணுக்கள் 'டிரிப்டேஸ்' என்ற நொதியைக் கொட்டுகின்றன. 'பாஸ்போலிப்பேஸ் ஏ2' என்ற நொதி உயிரணுச் சவ்விலிருந்து கொழுப்பமிலத்தைப் பிரிக்கிறது. அதிலிருந்து உருவாகும் லூக்கோட்ரையீன்கள் குழாயை இறுக்குகின்றன. நெஞ்சு விசில் அடிக்கிறது. தேனீயின் விஷத்திலும் இந்த நொதியின் ஒரு வகைதான் முக்கிய ஒவ்வாமைப் பொருள்!

ஏற்கெனவே புண்பட்ட குழாய்க்குப் புகைமூட்டம் இரண்டாவது அடி. 2005 ஆகஸ்ட் 11-ஆம் தேதி காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி, கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டதை அங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இதற்கு மருந்து உண்டு. தவறு பெரும்பாலும் அதைப் பயன்படுத்தும் விதத்தில்தான். நீல நிற இன்ஹேலர் இறுகிய குழாயைச் சற்று நேரம் தளர்த்தும். உள்ளே நடக்கும் வெட்டுவேலையை அது நிறுத்தாது. அழற்சியைத் தணிப்பது ஸ்டீராய்டு கலந்த தடுப்பு இன்ஹேலர். "ஸ்டீராய்டா? பிள்ளைக்குப் பழகிவிடும்" என்று அம்மா பயப்படுகிறார். இழுப்பு நின்றதும் பாட்டி அதை அலமாரிக்குள் வைத்துவிடுகிறார். அந்த மருந்தின் அளவோ மைக்ரோகிராம் கணக்கு. உபயோகித்த பின் வாய் கொப்பளித்தால் வாய்ப்புண்ணும் குறையும். பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் நீல இன்ஹேலரை மட்டும் நம்பும் சிகிச்சை வேண்டாம் என்று உலக ஆஸ்துமா வழிகாட்டி 2019 முதல் சொல்லிவருகிறது.

நொதிகளையே குறிவைக்கும் மருந்துகளும் வரத் தொடங்கிவிட்டன. வெள்ளணுக்களின் வெட்டு நொதிகளைத் தடுக்கும் ஒரு மாத்திரைக்கு, மூச்சுக்குழாய் விரிவு நோய்க்காக, 2025-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது.

அதுவரை செய்ய வேண்டியது எளிது. மெத்தை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 பாகை வெந்நீரில் துவையுங்கள். வீட்டுக்குள் சிகரெட் வேண்டாம். தடுப்பு இன்ஹேலரை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். நள்ளிரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடுவதைவிட, அலமாரியைத் திறந்து அந்த இன்ஹேலரை இன்றே வெளியே எடுப்பது சுலபம்.