கை கால் முறுக்கும் நோய்: நடிப்பும் இல்லை, காத்துக் கருப்பும் இல்லை
(நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பத்து வயதுப் பிள்ளைக்கு நடக்கும்போது பாதம் உள்பக்கம் திரும்புகிறது. எழுதும்போது கை முறுக்கிக்கொள்கிறது. தூங்கினால் எல்லாம் அடங்கிவிடுகிறது. வீட்டில் என்ன சொல்கிறோம்? பள்ளிக்கூடம் போகாமல் இருக்க நடிக்கிறான் என்கிறோம், இல்லையென்றால் மந்திரிக்கக் கூட்டிப்போகிறோம். இது டார்ஷன் டிஸ்டோனியாவாக இருக்கலாம். டிஸ்டோனியா என்று 1911-ல் பெயர் வைத்தவர் ஜெர்மனியின் ஓப்பன்ஹைம். அதன் பிறகும் வெகுகாலம் இதை மனநோய் என்றே பல மருத்துவர்கள் நினைத்தார்கள்.

கோளாறு தசையில் இல்லை. மூளையின் ஆழத்தில், அசைவை ஒழுங்குபடுத்தும் பகுதியிலிருந்து தவறான கட்டளை வருகிறது. மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இழுப்பதால் உறுப்பு திருகிக்கொள்கிறது. சிலருக்குக் காரணம் மரபணு. 1997-ல் கண்டறிந்த ஒரு மரபணுக் கோளாறு இருப்பவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குத்தான் நோய் வெளியே தெரிகிறது. சில வாந்தி மருந்துகளாலும் திடீரென்று கழுத்து திருகும். அது ஊசி போட்டால் சரியாகும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நான் அழுத்திச் சொல்ல வந்தது இரண்டு வகைகளைப் பற்றி. முதலாவது, ஜப்பான் மருத்துவர் செகாவா 1970-களில் விவரித்தது. காலையில் நன்றாக நடக்கும் பிள்ளைக்குச் சாயங்காலம் கால் இழுக்கும். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரையைச் சிறிய அளவில் கொடுத்தாலே நடை திரும்பிவிடும். அதைக் கொடுத்துப் பார்க்காமல் ஒரு பிள்ளையைச் சக்கர நாற்காலியில் உட்கார வைப்பது அநியாயம்.

இரண்டாவது வில்சன் நோய். உடம்பில் செம்பு வெளியேறாமல் கல்லீரலிலும் மூளையிலும் தங்கிவிடுகிறது. சொந்தத்தில் கல்யாணம் செய்யும் நம் பக்கத்துக்கு இது முக்கியம், ஏனென்றால் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் குறை வந்தால்தான் நோய் வரும். ஒரு பிள்ளைக்கு இருந்தால், கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அறிகுறி இல்லாவிட்டாலும் அவர்களையும் பரிசோதிக்க வேண்டும். ரத்தம், ஒரு நாள் சிறுநீர், கண் பரிசோதனை ஆகியவை முதலில் செய்வார்கள். பெனிசிலமின், துத்தநாக மாத்திரைகளை ஆயுள் முழுக்க நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். செம்புப் பாத்திரத் தண்ணீர் இவர்களுக்குக் கூடாது. (நம் வீட்டுச் செம்புக் குடத்தால் இந்த நோய் வராது, பயப்பட வேண்டாம்.)

மற்ற வகைகளை முழுதாகக் குணப்படுத்த முடியாது, கட்டுப்படுத்தலாம். மாத்திரைகள் உண்டு. சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் போட்டாக்ஸ் ஊசி உண்டு. கடுமையாக இருந்தால் மூளைக்குள் மின்கம்பி பொருத்தும் அறுவை சிகிச்சை.

மத்தூரிலிருந்து முதலில் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். அடுத்தது பெங்களூரு நிம்ஹான்ஸ், ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. வில்சன் நோயாளிகளைப் பல பத்தாண்டுகளாகப் பார்த்துவரும் இடம் அது. போகும் முன் பிள்ளை நடப்பதைக் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் முறுக்கு வராமல் போய்விடலாம்.