உத்தரவு கேட்டு மடியும் வெள்ளணுக்கள்



மாணவர்களுக்கு நுண்ணோக்கியில் வெள்ளணுக்களைக் காட்டும்போதெல்லாம் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு. கிருமிகளை வென்றபின் இப்படைவீரர்கள் எங்கே செல்கின்றனர்? "ஓய்வெடுக்க" என்பர் பலர். அவ்வாறு எஞ்சுவன சிலவே. ஏனையவை மடிகின்றன; உத்தரவு பெற்று மடிகின்றன.

காயம்பட்டுச் சாகும் உயிரணு வீங்கி வெடிக்கும், சுற்றுப்புறம் அழலும். உத்தரவின்படி மடிவதோ சுருங்கிச் சிறு பொட்டலங்களாகப் பிரியும். விழுங்கணுக்கள் அவற்றை ஓசையின்றி உண்டுவிடும். 1972-இல் கெர், வைலி, கரி என்னும் மூவர் இதற்கு 'அபாப்டோசிஸ்' எனப் பெயரிட்டனர். இலை உதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது.

உத்தரவு வரும் வழிகளுள் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மீண்டும் மீண்டும் தூண்டப்பட்ட டி வெள்ளணுவின் மேற்பரப்பில் 'ஃபாஸ்' என்னும் புரதம் நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் செவி என்று வைத்துக்கொள்வோம். அதற்கென அமைந்த இணைப்புரதம் ஒன்று வந்து பற்றியதும், ஃபாஸின் உட்புற வால்கள் கூடிக் காஸ்பேஸ்-8 என்னும் நொதியை அருகருகே கொணர்ந்து நிறுத்துகின்றன. தனித்து உறங்கிய அந்நொதிகள் நெருங்கியதும் ஒன்றையொன்று வெட்டி விழித்தெழுகின்றன. பின்னர்க் காஸ்பேஸ்-3-ஐ எழுப்புகின்றன. எனக்குப் பெருவியப்பளிப்பது இதற்கு அடுத்த படி. டி.என்.ஏ.வைத் துண்டாடும் கத்தி உயிரணுவுக்குள் எப்போதும் இருப்பதுதான்! அதனைப் பிடித்துவைத்திருந்த காவலனைத்தான் காஸ்பேஸ்-3 வெட்டி வீழ்த்துகிறது.

இச்செவி பழுதானால்? 1970-களில் அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றில் ஒருவகைச் சுண்டெலிகள் தோன்றின. அவற்றின் நிணநீர்க் கணுக்கள் பெருத்தன, சிறுநீரகம் கெட்டது, தம் டி.என்.ஏ.வையே எதிர்க்கும் பொருள்கள் குருதியில் நிறைந்தன. காரணம் நெடுநாள் புலப்படவில்லை. 1992-இல் ஜப்பானிய அறிஞர் ஷிகெகாசு நகாட்டாவின் குழுவினர், அவ்வெலிகளின் ஃபாஸ் மரபணுவே குறையுடையது எனக் கண்டனர்.

1995-இல் அதே குறை குழந்தைகளிடத்தும் தென்பட்டது. கழுத்தில் கட்டிகளும் பெருத்த மண்ணீரலுமாக வரும் குழந்தையைக் கண்டு, புற்றுநோயோ என்று பெற்றோர் அஞ்சுவர். கட்டியை நிறைத்திருப்பவை பெரும்பாலும் விடைபெற மறுத்த வெள்ளணுக்களே. அத்தோடு நில்லாமல், உடல் தன் சிவப்பணுக்களையே அழிக்கத் தொடங்குவதும் உண்டு. பிற்காலத்தில் நிணநீர்ப் புற்று உண்மையாகவே தோன்றும் அபாயமும் இவர்களுக்கு அதிகம். சைரோலிமஸ் என்னும் மருந்து பலருக்குக் கட்டிகளைச் சுருக்குகிறது. ஆனால், கேளாச் செவியை அது திருத்துவதில்லை.