கந்தோரும் கணக்கும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



தோட்டத்து லயங்களிலிருந்து பதுளைக்குப் படிக்க வந்த எங்களிடம் அம்மா கடிதத்தைத் தந்து, "தபால் கந்தோர்ல போட்டுட்டு வா" என்பார். தோட்டத்தில் இருந்தது 'ஆபீஸ்'. டவுனில் இருந்தது 'கந்தோர்'. ஏன் என்று அன்று நாங்கள் கேட்கவில்லை.

'கந்தோர்' ஒல்லாந்தர் சொல். 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்த அவர்கள், 1796 வரை கரையோரத்தை ஆண்டார்கள். கண்டி இராச்சியத்தைச் சேர்ந்த பதுளையை அவர்கள் ஆளவில்லை. ஆனாலும் அவர்களுடைய சொல் மலையேறி வந்துவிட்டது. சிங்களத்தில் அது 'கந்தோருவ', இந்தோனேசியாவில் 'கந்தோர்'.

ஒல்லாந்தருக்கும் இது இரவல் சொல்தான். பிரெஞ்சு மொழியில் காசு எண்ணும் மேசைக்கு 'கொந்துவார்' என்று பெயர். அதற்கும் மூலம் லத்தீனில் உள்ள 'கொம்புத்தாரே'. 'கொம்' என்றால் சேர்த்து. 'புத்தாரே' என்றால் எண்ணுதல். 'புத்தாரே'க்கு இன்னொரு பொருளும் உண்டு: மரக்கிளைகளைத் தறித்தல். எங்கள் பேச்சில் சொன்னால், கவ்வாத்து!

தபால் கந்தோரில் நாம் நிற்கும் 'கவுண்டர்', இன்று நம் பிள்ளைகள் வேலை செய்யும் 'கம்பியூட்டர்' இரண்டும் இதே வேரில் பிறந்தவை.

கணக்கு எங்களுக்குப் புதிதல்ல. அம்மா பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்து எழுதினார்கள். நிறை குறைந்தால் அரைப்பேர். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது 1984இல்தான். கொழுந்து கணக்கில் ஏறியது. பறித்தவர்களோ 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாட்டின் கணக்கிலிருந்தே விடுபட்டார்கள்.

சகோதரிகளே, நம் கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம். எங்களோடு ஒரே வாங்கில் இருந்து, எட்டாம் வகுப்போடு நின்று, கூடை எடுத்துக் கொழுந்து மலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். பழைய மாணவியர் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. அவர்களும் இப்பள்ளியின் பிள்ளைகள்தானே?

உங்கள் வகுப்பில் அப்படி நின்றுபோன ஒருவரின் பெயரையாவது நினைவுபடுத்தி எங்களுக்கு எழுதுங்கள். எந்த ஊரில் இருந்தாலும், பக்கத்துத் தபால் கந்தோரில் போடுங்கள். சேர்த்து எண்ணுவோம், அந்தச் சொல்லின் பொருளே அதுதான்.