கிழிசலைக் கொடுப்பது தானமா?

 

இலக்கியக் கூட்டத்தில் பழந்துணியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் யோசிக்கலாம். பொருநராற்றுப்படையை நினைத்துப் பாருங்கள். கரிகால்வளவனிடம் வந்த பொருநன் உடுத்தியிருந்தது பேன் பிடித்த, வியர்வையில் நனைந்த, வேற்று நூலால் தைத்த கந்தை. அரசன் அதை நீக்கி, பாம்புச் சட்டை போன்ற மெல்லிய புதுத்துணியை உடுக்கக் கொடுக்கிறான். கந்தைக்கு மேல் இன்னொரு கந்தையைக் கொடுக்கவில்லை.

இனி 2004 டிசம்பர் 26க்கு வருவோம். சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரைக்கு உடுப்புகள் லாரி லாரியாக வந்தன. கிழிந்தவையும் அழுக்கானவையும் அங்குள்ள பெண்கள் உடுத்தாதவையும் தெருவோரங்களில் குவிந்து கிடந்தன. வீட்டை இழந்தவர் தன்மானத்தை இழந்துவிடவில்லை.

அன்ஷு குப்தா 1999இல் தில்லியில் தொடங்கிய கூஞ்ச் என்ற அமைப்பு, அந்த மிச்சத்தில் பெருமளவை எடுத்துத் தரம் பிரித்தது. பழைய பருத்தித் துணியைச் சுத்தம் செய்து, வெட்டி, மாதவிடாய்த் துணியாக ஆக்குவதும் அதன் வேலை. தாதியாகச் சொல்கிறேன், இது சின்ன விஷயமல்ல. ஒளித்து ஈரத்தோடு உலர்த்திய துணி தோலைப் புண்ணாக்கும். சவர்க்காரம் போட்டுத் தோய்த்து, வெயிலில் காயவைத்த சுத்தமான பருத்தி ஒரு பெண்ணின் உடல்நலத்தைக் காக்கும்.

அதற்கும் உதவாத கம்பளித் துணி அரியானாவின் பானிபட்டுக்குப் போகிறது. அங்கே பொத்தானையும் சிப்பையும் கழற்றி, நிறம் நிறமாகப் பிரித்து, கிழித்துப் பஞ்சாக்கி, மறுபடி நூற்றுப் போர்வை நெய்கிறார்கள். 1813இல் இங்கிலாந்தின் பாட்லி ஊரில் பெஞ்சமின் லா தொடங்கிய தொழில்தான் இது. ஆனால் கிழிக்கும்போது இழை குட்டையாகிவிடும், நூலின் பலம் குறையும். பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்த துணியைப் பிரித்தெடுப்பது இன்னும் கடினம்.

எங்கள் அவுஸ்திரேலியாவில் ஆண்டுக்கு 2 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட உடுப்புகள் மண்ணுக்குள் புதைக்கப்படுகின்றன. 2024 ஜூலையில் சீம்லெஸ் என்ற திட்டம் தொடங்கியது. அதில் சேர்ந்த நிறுவனங்கள் ஒரு புது உடுப்புக்கு 4 சதம் செலுத்துகின்றன. நல்ல தொடக்கம். ஆனால் அந்த 4 சதம் எங்கள் அலுமாரியைத் தரம் பிரித்துத் தராது.

நோபல் பார்க்கில் இருக்கிற நாங்கள் செய்யக்கூடியது இதுதான். நானே உடுத்துக்கொண்டு கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போகக்கூடியது என்றால் மட்டும், தோய்த்து மடித்து நன்கொடைக் கடைக்குக் கொடுப்போம். கிழிந்ததைப் போட்டால், அவர்கள்தான் காசு கட்டிக் குப்பைக்கு அனுப்ப வேண்டும். பழைய துவாயையும் படுக்கை விரிப்பையும் விலங்குக் காப்பகத்திடம் கேட்டுப் பார்த்துக் கொடுக்கலாம். பருத்திச் சீலையும் சாரமும் வீட்டிலேயே துடைதுணியாகட்டும். மஞ்சள் மூடித் தொட்டியில் மட்டும் துணியைப் போடாதீர்கள், அது தரம் பிரிக்கும் இயந்திரத்தில் சிக்கிக்கொள்ளும்.

ஆடையற்றவருக்கு உடுத்தக் கொடுப்பது கடவுளுக்கே கொடுப்பது என்று என் வேதம் சொல்கிறது. அப்படியென்றால், பையைக் கட்டுவதற்கு முன் ஒவ்வோர் உடுப்பையும் விரித்துப் பார்ப்போம். அவருடைய கையில் இதைக் கொடுக்க எனக்கு மனம் வருமா?