உவர் நீரும் தக்காளிச் செடியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் பாறையினுள்ளே மழைநீரானது, கடல்நீரின்மேல் மிதக்கும் நன்னீர்ப் படையாகத் தங்கியிருக்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைக்குமிடத்து அடியிலுள்ள உவர் மேலெழுந்து கிணற்றினுட் புகும். அந்நீரைப் பாய்ச்சிய தோட்டத்திலே தக்காளிச் செடி ஈரமண்ணில் நின்றபடியே வாடக் காணலாம். நீர் உண்டு, ஆயினும் செடிக்குத் தாகம் தீரவில்லை. இஃது எதனால்?

வேர்க் கலங்களின் சாறு மண்ணீரிலும் செறிவு கூடியதாயிருந்தால்தான் நீர் எளிதாக வேரினுட் செல்லும். மண்ணில் உப்புக் கூடக்கூட இவ்வேறுபாடு குறைந்து, நீர் கிடைப்பது அரிதாகின்றது. அப்போது அப்சிசிக்கமிலம் என்னும் ஓமோன் செடியிற் பெருகி, இலைவாய்களை மூடச் செய்கின்றது. நீரிழப்புக் குறைகின்றது, ஆனால் காபனீரொட்சைட்டும் குறைவாகவே உட்செல்வதால் உணவாக்கம் தளர்கின்றது.

அடுத்த இடர் சோடியத்தால் வருவது. பொற்றாசியத்தின் துணைகொண்டு தொழிற்படும் நொதியங்களை அது கெடுக்கும். ஆகவே கலங்கள் சோடியத்தைத் தம்முள்ளேயுள்ள புன்வெற்றிடம் என்னும் அறையில் அடைத்துவைக்க முயல்கின்றன. அதற்கு ஈடாகக் குழியவுருவிலே புரோலீன் என்னும் அமினோவமிலத்தையும் வெல்லங்களையும் சேர்க்கின்றன. உணவாக்கம் தளர்ந்த இலையில் எஞ்சும் ஒளிச்சத்தியால் ஐதரசன் பரவொட்சைட்டுப் போன்ற தீங்கான பொருள்கள் பெருகும். கற்றலேசு முதலிய நொதியங்கள் அவற்றைச் சிதைக்கின்றன.

இக்காவலுக்கெல்லாம் செலவாவது செடியின் வளர்ச்சிக்குரிய உணவே. எனவே செடி உயிர் தப்பினாலும் குறுகும், பழம் சிறுக்கும். பழத்தின் இனிப்புச் சற்றுக் கூடினும் விளைச்சல் குறையும்.

கலாபகசுத் தீவுகளின் கடலோரத்தில் ஒரு காட்டுத் தக்காளி வளர்கின்றது. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்து ரஷ், எப்ஸ்ரைன் என்னும் இருவர் அதனைப் பயிர்த் தக்காளியோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, 1976ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். கடல்நீரின் பாதியளவு உவருக்கு மேற் பயிர்த் தக்காளி தாங்கவில்லை. காட்டுத் தக்காளியோ முழுக் கடலுவரிலும் உயிர் பிழைத்தது. பயிரினம் சோடியத்தை இலைக்குச் செல்லாது தடுக்க முயன்றது. காட்டினம் அதனை இலைகளில் ஏற்றுக்கொண்டது. உப்பை விலக்குவதினும் அதனை உரிய இடத்தில் வைத்து ஆளுவதே அதன் வலிமை போலும்.

அத்தகைய வலிமை பயிர்த் தக்காளிக்கு இல்லை. ஆதலின் கோடையில் இறைப்பை அளவோடு நிறுத்திக் கிணற்றின் நன்னீரைக் காப்பதே செடியைக் காப்பதாகும். மாரி மழை மண்ணின் உப்பைக் கழுவும். உவரேறிய கிணறு மீளுவதோ எளிதன்று.