வலியும் மாத்திரையும்



தமிழ்நாட்டை விட்டு வந்து வேறு மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்கு, வந்த இடத்து மொழி விரைவில் ஓரளவு கைவந்துவிடுகின்றது. காய்கறி வாங்கவும், பேருந்தில் இடம் கேட்கவும், அலுவலகத்தில் காரியம் ஆற்றவும் போதுமான சொற்கள் ஓராண்டிலேயே நாவில் நிலைத்துவிடும். ஆனால் அந்த மொழியறிவு எவ்வளவு சிறியது என்பது நோய் வந்த நாளில்தான் விளங்கும்.

தமிழில் வலி என்பது ஒரு சொல் அன்று. ஒரு பெரிய குடும்பம். குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், இழுப்பு, தெறிப்பு, மதமதப்பு என்று அதன் உறுப்பினர் பலர். நம் ஊர் மருத்துவர் இவற்றைக் கேட்ட அளவிலேயே பாதி நோயை அறிந்துகொள்வார். கன்னட நாட்டில் வாழ்வோருக்கு ‘நோவு’ என்ற நம் சொல்லே துணை செய்யும். இந்தி வழங்கும் ஊர்களில் இருப்போருக்கோ, பெரும்பாலும் கைவசம் இருப்பது ‘தர்த்’ என்ற ஒரே சொல். இந்தியில் வேறு சொற்கள் இல்லை என்பதன்று. நமக்குத் தெரியாது என்பதே செய்தி. தெருமுனை மருந்துக் கடையில் நின்று ‘தர்த்’ என்கிறோம். கடைக்காரர் ஒரு மாத்திரை தருகின்றார். வலி தணிகின்றது. காரணம் உள்ளேயே தங்கிவிடுகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் தில்லியில் நம் அண்டை வீட்டு நண்பர் ஒருவர், தஞ்சைப் பக்கத்துக் கிராமத்தில் தனியே வாழ்ந்த தம் தாயாரை அழைத்து வந்து தம்முடன் வைத்துக்கொண்டார். அம்மையாருக்கு எழுபதுக்குச் சற்று மேற்பட்ட வயது. இரத்தக் கொதிப்புக்கு நாள்தோறும் மருந்து உண்பவர். தில்லியின் தை மாதக் குளிர் அவருடைய முழங்கால்களைப் பிடித்துக்கொண்டது. மகன் வாங்கி வந்த வலி மாத்திரையை உண்டதும் எழுந்து நடமாடினார். ஒரு வாரத்துக்கென்று வாங்கிய மாத்திரை, காலையில் ஒன்றும் இரவில் ஒன்றுமாகச் சித்திரை வரையில் நீடித்தது.

சித்திரையில் வயிற்றெரிச்சல் கண்டது. மகன் வெளியூர் சென்றிருந்தமையால் அம்மையார் நம்மைத் துணைக்கு அழைத்தார். மருத்துவர் இந்தியில் வினவினார், நாம் தமிழாக்கினோம். உண்ணும் மருந்துகள் யாவை என்று கேட்டதற்கு, அம்மையார் கொதிப்பு மாத்திரையை மட்டும் சொன்னார். முழங்கால் மாத்திரையை அவர் மருந்தாகவே கருதவில்லை. பிறகு மருத்துவர், “மலம் கறுப்பாகப் போகிறதா?” என்று கேட்டார். தாயின் வயதுடைய ஒருவரிடம் அதை எப்படிக் கேட்பது என்று நாம் கூசினோம். “அப்படி ஒன்றும் இல்லை” என்று நாமே விடை கூறிவிட்டோம். அரசாங்கத்தின் விதிகளையும் அறிவிக்கைகளையும் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்ப்பது நமது தொழில். அன்று ஒரே ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டோம்.

மூன்றாம் நாள் அம்மையார் மயங்கி விழுந்தார். இரைப்பையில் புண்ணாகி, உள்ளேயே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மருத்துவமனையில் இரத்தம் ஏற்றினார்கள், பிழைத்துக்கொண்டார். படுக்கையருகே நின்று நாம் கேட்டபோது, “பத்து நாளாகத் தார் போலத்தான் போகிறது, தம்பி, யாரும் கேட்கவில்லையே” என்றார். அந்தச் சொல் இன்றும் நம் செவியை விட்டு அகலவில்லை. இன்றைய பேச்சுக்கு அதுவே காரணம்.

முழங்காலுக்கு உண்ட மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்குவானேன்? உடலில் அடிபட்ட இடத்தில் புராஸ்டாகிளாண்டின் என்னும் ஒருவகைப் பொருள்கள் சுரந்து, வலியையும் வீக்கத்தையும் மிகுவிக்கின்றன. 1897-இல் ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் ஆஸ்பிரினைத் தூய வடிவில் ஆக்கினார். ஆயினும் ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் இப்பொருள்களின் உற்பத்தியைத் தடுப்பதாலேயே வலி தணிகின்றது என்பதை 1971-இல்தான் ஆங்கில அறிஞர் ஜான் வேன் கண்டறிந்தார். 1982-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதே பொருள்கள்தாம் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கின்றன. சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தையும் பேணுகின்றன. வலியைத் தடுக்கும் மருந்து இந்தக் காவலையும் தளர்த்திவிடுகின்றது. இபுபுரூபென், டைக்குளோபினாக், அசிக்குளோபினாக், நாப்ராக்சன், நிமிசுலைடு ஆகியவை யாவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இக்குடும்பத்தின் வலிமைக்கு நம் நாடே ஒரு சான்று கண்டது. ஒரு காலத்தில் வடநாட்டு வானில் கூட்டங்கூட்டமாக வட்டமிட்ட பிணந்தின்னிக் கழுகுகள் 1990-களில் மடியத் தொடங்கின. கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்குளோபினாக், அவை இறந்தபின் அவற்றின் இறைச்சியோடு கழுகுகளின் உடலில் சேர்ந்து சிறுநீரகங்களை அழித்தது என்பது 2004-இல் வெளிப்பட்டது. 2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. மனிதரும் கழுகும் ஒன்றல்லர். மருத்துவர் அளந்து கொடுத்தால் அதே மருந்து நமக்கு உற்ற துணை. அளவும் காலமும் தவறினால் அதன் குணம் மாறும் என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

இனி, நோயாளிகள் வழக்கமாகக் கேட்கும் சில கேள்விகளைப் பார்ப்போம்.

பாராசிட்டமால் எத்தனை உண்ணலாம்? உடல்நலமுள்ள பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளின் மேல்வரம்பு 4 கிராம். அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை 8. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் 4 முதல் 6 மணி நேர இடைவெளி வேண்டும். மெலிந்தவர்கள், கல்லீரல் நோயுள்ளவர்கள், மது அருந்துவோர் ஆகியோருக்கு வரம்பு இதனினும் குறைவு. அதை மருத்துவரே சொல்லவேண்டும். அளவு மீறினால் கெடுவது கல்லீரல். முதல் நாளில் பெரிய துன்பம் ஏதும் தெரியாமலிருப்பதே இதன் வஞ்சகம். ஆகவே மிகுதியாக உண்டுவிட்டால், நலமாக இருப்பது போலத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்க.

இரண்டு வேறு மாத்திரைகளைச் சேர்த்து உண்ணலாமா? இங்கே மொழிபெயர்ப்பாளரின் கண் வேண்டும். குரோசின், டோலோ, கால்பால் என்பன மூன்று பெயர்கள். உள்ளே இருப்பது பாராசிட்டமால் ஒன்றே. சளி, காய்ச்சலுக்கென்று விற்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் அதுவே கலந்திருக்கும். எடுத்துக்காட்டுக்காகவே இப்பெயர்களைச் சொன்னோம். விளம்பரமாகவோ பழியாகவோ கொள்ளவேண்டா. அட்டையில் பெரிதாக அச்சிட்ட வணிகப் பெயரை விடுத்து, மருந்தின் பொதுப் பெயரைப் படியுங்கள். பொதுப் பெயர் ஒன்றானால் அளவைக் கூட்டிக் கணக்கிடுங்கள். அட்டையில் சிவப்புக் கோடு இருப்பின், மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை வாங்கலாகாது.

சோறு உண்டபின் மாத்திரை உண்டால் தீங்கில்லையே? உணவுக்குப்பின் உண்பது வயிற்றுக் குமட்டலைக் குறைக்கும். ஆனால் மருந்து இரத்தத்தில் கலந்தே இரைப்பையின் காவலைத் தளர்த்துவதால், உணவு மட்டும் புண்ணைத் தடுத்துவிடாது. ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் அப்படியே. முன்பே புண் இருந்தவர்களும், முதியவர்களும் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடுதல் கூடாது.

சர்க்கரை, கொதிப்பு, இதயநோய் உள்ளவர்கள் என்ன செய்வது? இபுபுரூபென் குடும்பம் இரத்த அழுத்தத்தை உயர்த்தும். உடலில் நீரைத் தேக்கும். ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் போன்ற கொதிப்பு மருந்தும், சிறுநீரை மிகுவிக்கும் மாத்திரையும் உண்போர் அவற்றோடு வலி மாத்திரையையும் சேர்த்தால், சிறுநீரகம் பழுதாகக் கூடும். இதயத்துக்கென மருத்துவர் தந்த சிறிய அளவு ஆஸ்பிரினை வலி மாத்திரை என்று எண்ணித் தாமாக நிறுத்துவதும் தவறே.

காய்ச்சலில் எது நல்லது? மழை ஓய்ந்த மாதங்களில் வடநாட்டு நகரங்களில் டெங்கு பரவுவதை அறிவோம். டெங்கு என்ற ஐயம் இருக்குமளவும் ஆஸ்பிரின், இபுபுரூபென், டைக்குளோபினாக் ஆகியவற்றை விலக்குக. அவை இரத்தக் கசிவை மிகுவிக்கும். பாராசிட்டமாலே உரியது. குழந்தைகளுக்குக் காய்ச்சலில் ஆஸ்பிரின் கொடுத்தலாகாது. 12 வயதுக்குட்பட்டோருக்கு நிமிசுலைடு 2011-இலேயே நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. கருவுற்ற பெண்கள் மருத்துவரைக் கேளாமல் எதையும் உண்ணவேண்டா.

தலைவலிக்கு நாள்தோறும் மாத்திரை உண்பது சரியா? மாதத்தில் 10, 15 நாட்கள் என்று மாத்திரை உண்டால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்கும். நாட்பட்ட வலிக்கு, வலியை மறப்பதைவிடக் காரணத்தை அறிவதே முதற்கடமை.

மாத்திரை தேடாமல் மருத்துவமனையைத் தேடவேண்டிய அறிகுறிகள் எவை? நெஞ்சை அழுத்தும் வலி, தாடைக்கோ கைக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், இடிவிழுந்தாற்போலத் திடீரென வரும் கடுந்தலைவலி, வாய் கோணுதல், ஒரு பக்கம் கைகால் சோர்தல், பேச்சுக் குழறல், முதுகுவலியோடு கால் வலுவிழத்தல் அல்லது சிறுநீர் கட்டுப்படாமை, இரத்த வாந்தி, தார் போன்ற கறுத்த மலம். இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கலாம். எனினும் அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். நெடுநாள் சர்க்கரை நோயாளிக்கு நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரக்கூடும் என்பதையும் நினைவிற்கொள்க.

முடிவாக ஒரு வேண்டுகோள். வீட்டில் முதியோர் இருப்பின், ஒரு தாளில் தமிழிலும், நீங்கள் வாழும் இடத்து மொழியிலும் மூன்று செய்திகளை எழுதி வையுங்கள்: உண்ணும் எல்லா மருந்துகளின் பொதுப் பெயர், அவருக்குள்ள நாட்பட்ட நோய்கள், முன்பு ஒவ்வாமல் போன மருந்து. கடையில் தாமாக வாங்கிய மாத்திரையையும், நாட்டு மருந்துப் பொடியையும், தைலத்தையும் அதில் சேர்த்தெழுதுங்கள். அதனுடன் சில சொற்களையும் கற்றுக்கொள்ளுங்கள். இந்தியில் எரிச்சலுக்கு ‘ஜலன்’, வீக்கத்துக்கு ‘சூஜன்’, தலைச்சுற்றலுக்கு ‘சக்கர்’, மரத்துப்போதலுக்கு ‘சுன்ன’, கறுப்புக்கு ‘காலா’.

பிறருக்காக மொழிபெயர்க்கச் செல்வோருக்கு ஒரு சொல்: மருத்துவர் கேட்பதைக் கேட்டபடியே கேளுங்கள், நோயாளி சொல்வதைச் சொன்னபடியே சொல்லுங்கள். கூச்சத்தால் நடுவே ஒன்றை விட்டுவிட வேண்டா. அந்த அம்மையார் இன்று மீண்டும் தம் கிராமத்தில் இருக்கின்றார். முழங்கால்வலி முற்றும் தீர்ந்துவிடவில்லை. ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் நாம் முதலில் கேட்பது அவர் வயிற்றைப் பற்றித்தான். அவர் சிரித்துக்கொண்டே, “இப்போதாவது கேட்கிறாயே, தம்பி” என்கின்றார்.